மாட்டுவண்டிக்கு 8

கோவைக்கும் மதுரைக்கும் தயாரித்த மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை ஓடியது. மக்கள்தொகை 20 லட்சம் இருக்க வேண்டும் என்கிற விதியை ஒருவர் திட்டினார். 2011 கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவார்கள் என்று இன்னொருவர் கேட்டார். அரசியல் வேண்டாம் என்பதற்கு அடையாளமாக அத்தை வழக்கம்போல ஒரு ரோஜாப்பூப் படம் போட்டார். கடைசியில் கோயம்புத்தூர் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "இந்த ரிப்போர்ட்டெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்கதானே கண்ணு எழுதறீங்க? சரியா எழுதியிருந்தா வந்திருக்குமல்ல?" மூன்று முறை பதில் அடித்து மூன்று முறையும் அழித்தேன். மெட்ரோ வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குப் பெரிய கருத்து எதுவும் இல்லை. அந்த "சரியா எழுதியிருந்தா"தான் குத்தியது. ஏனென்றால் ஒருமுறை நான் அப்படிச் சரியாக எழுதியிருக்கிறேன்.

என் தொழிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: ரோடு, பாலம், தொழிற்பேட்டை, துறைமுகம் என்று எதையாவது கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள், கட்டலாம் என்று நாங்கள் 300 பக்கத்தில் பதில் சொல்வோம். பாதி வேடிக்கை, பாதி உண்மை. இத்தனை வருஷத்தில் நான் வேலை செய்த அறிக்கைகளில் இரண்டுதான் "கட்ட வேண்டாம்" என்று முடிந்தன. அதில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

எண்ணும் பையன்கள்

2011-ல் தென்மாவட்டத்தில் 62 கிலோமீட்டர் சாலை ஒன்றை நான்கு வழியாக்கும் திட்டம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஊர் பெயர் வேண்டாம். இன்ஜினியர்கள் மண்ணையும் பாலங்களையும் பார்த்துக்கொள்ள, பொருளாதாரப் பகுதி என் தலையில் விழுந்தது. அந்தப் பகுதிக்கு அடித்தளமே போக்குவரத்துக் கணக்கெடுப்புதான். ஏழு நாள், 24 மணி நேரமும், சாலையோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியையெல்லாம் எண்ண வேண்டும். பக்கத்துப் பாலிடெக்னிக் பையன்களைத் தினக்கூலிக்குப் பிடிப்போம். ஒரு சாமியானா, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, டீக்கடையிலிருந்து இழுத்த ஒயரில் ஒரு டியூப்லைட். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கட்டங்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரே மாதிரி இருக்கும். பையன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்துவதும் பொருளாதாரத்தில் சேர்த்திதான்.

அந்தப் படிவத்தில் ஒரு விசேஷம் உண்டு. சாலையில் ஓடும் விதவிதமான வண்டிகளை ஒரே அலகில் கூட்டவேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் காராக மாற்றுவோம். சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 1990-ஆம் வருஷ வழிகாட்டியின்படி, கிராமப்புற நெடுஞ்சாலையில் கார் 1. மோட்டார் சைக்கிள் அரை. பஸ்ஸும் லாரியும் 3. டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரை. சைக்கிள் அரை. கைவண்டி 3, குதிரைவண்டி 4. எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுவண்டி, 8. மெதுவாகப் போகும், ஓரம் கட்டாது, பின்னால் வருகிறவனை முந்தவிடாது. அதனால் ஒரு மாட்டுவண்டி எட்டு காருக்குச் சமமான இடத்தை அடைக்கிறது என்று கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். தாத்தாவின் வண்டிக்கு இப்படி ஒரு மரியாதை எந்த அரசாங்கமும் கொடுத்ததில்லை என்று சிரித்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலை ஏழு மணி இருக்கும். எங்கள் சாமியானா ஒரு பெரிய புளியமரத்தடியில் இருந்தது. நெடுஞ்சாலைத் துறை வெள்ளையடித்துக் கறுப்பில் எண் போட்ட பழைய மரம். புளி மகசூலை வருஷாவருஷம் ஏலம் விடுவார்களே, அந்த ரகம். வயலிலிருந்து புல்லுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி கட்டை மரத்தடியில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். பையன் கோடு போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னல எழுதுத?" என்றார். வண்டி எண்ணுகிறோம் பாட்டி, ரோடு பெருசாகப் போகுது என்றான் அவன். சைக்கிள் ஒன்று போனது; கோடு போட்டான். பாட்டி அதைக் கவனித்தார். பிறகு அவர்கள் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ரோட்டைக் கடந்து வயல் பக்கம் போனார்கள். பையன் பேனாவைத் தூக்கவில்லை. பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "வண்டியத்தான் எண்ணுவியளோ? நடக்கவள எண்ண மாட்டியளோ?"

நான் சிரித்து மழுப்பினேன். உண்மையான பதில் எனக்குத் தெரியும். நடப்பவருக்குப் படிவத்தில் பத்தி கிடையாது. கைவண்டிக்கு உண்டு, குதிரைவண்டிக்கு உண்டு. அந்த வாரம் முழுக்க ஒரு குதிரைவண்டிகூட வரவில்லை. அந்தப் பத்தி கடைசி வரை காலியாகவே இருந்தது.

10.8

அறிக்கையின் முடிவு ஒரே ஒரு எண்ணில் வந்து நிற்கும். ஈ.ஐ.ஆர்.ஆர். என்போம். சாலையில் போடும் பணம், நாட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வட்டி தருவதற்குச் சமம் என்பதுதான் அது. செலவுப் பக்கத்தில் கட்டுமானமும் பராமரிப்பும். வரி, மானியம் போன்றவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவதுதான் என்பதால் சந்தை விலையை 0.9-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்வோம். வரவுப் பக்கத்தில் மூன்று: மிச்சமாகும் டீசல், டயர், வண்டித் தேய்மானம், மிச்சமாகும் பயண நேரம், குறையும் விபத்து. உலக வங்கியின் ஹெச்.டி.எம்.-4 என்ற மென்பொருளில் இதையெல்லாம் ஊட்டினால் அது ஒரு ராத்திரி மென்று காலையில் ஒரு எண்ணைத் துப்பும். அந்த எண் 12-க்கு மேலே இருந்தால் திட்டம் தேறியது. கீழே இருந்தால் தேறவில்லை.

எங்களுடையது 10.8 என்று வந்தது.

டீம் லீடர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். நல்ல மனிதர், இன்றுவரை எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. எண்ணைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. மேசையிலிருந்த முறுக்கு டப்பாவை என் பக்கம் தள்ளினார். "வளர்ச்சி விகிதம் என்னம்மா போட்டிருக்க?" என்றார். பழைய வண்டிப் பதிவுகளையும் மாவட்ட வருமானத்தையும் வைத்து 5.6 சதவீதம் வந்தது சார் என்றேன். "காற்றாலைக்காரங்க எல்லாம் அங்கதானே வர்றாங்க. அதைப் பார்த்தியா?" பார்க்கவில்லை. பார்த்தேன். 6.4 வந்தது. புது ரோடு போட்டால் அதற்காகவே புதிதாகக் கிளம்பும் வண்டிகள் எத்தனை என்பதற்கு 5 சதவீதம் வைத்திருந்தேன். வேறொரு மாவட்டத்து அறிக்கையில் 10 வைத்திருக்கிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான். ஒரு காரில் சராசரியாக எத்தனை பேர் என்ற இடத்தில் கல்யாண முகூர்த்த நாளில் எடுத்த மாதிரியையும் சேர்த்துக்கொண்டேன். விட்டுவிட எனக்கும் காரணம் கிடைக்கவில்லை. கட்டுமானம் மூன்று வருஷம் என்பது இரண்டரை ஆனது. மறுநாள் காலையில் 12.3.

இதில் எங்கே பொய் சொன்னோம் என்று கேட்டால் எனக்கு இன்றும் விரல் வைக்கத் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆதாரம் இருந்தது, அடிக்குறிப்பு இருந்தது. ஒன்றைத்தான் நாங்கள் செய்யவில்லை. எண்ணைக் கீழே இழுக்கக்கூடிய ஆதாரம் எதையும் யாரும் தேடிப் போகவில்லை. 10.8-க்குப் பதிலாக முதல் நாளே 13.1 வந்திருந்தால் காற்றாலைகளைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள், முறுக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இது எங்கள் ஊர் வியாதி மட்டும் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியரும் அவருடைய சகாக்களும் 14 நாடுகளில் 210 திட்டங்களின் கணிப்பையும், பிறகு உண்மையில் வந்த கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரயில் திட்டங்களில் வந்த பயணிகள் சராசரியாகக் கணித்ததில் பாதிகூட இல்லை. சாலைத் திட்டங்களில் பாதி மேலேயோ கீழேயோ 20 சதவீதத்துக்கு மேல் பிசகியிருந்தன. உலகம் முழுக்க யாரோ ஒருவர் யாரிடமோ முறுக்கு டப்பாவைத் தள்ளியிருக்கிறார்.

அந்த 12 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. வளர்ச்சி வங்கிகள் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த வாசற்படி அது. ஆசிய வளர்ச்சி வங்கி 2017-ல் அதை 9 ஆகக் குறைத்தது. அதே 2017-ல் வந்த மத்திய அரசின் மெட்ரோ ரயில் கொள்கை, மெட்ரோவுக்கு 14 வேண்டும் என்றது. ஆக, 2012-ல் நான் தூக்கம் விட்டு ஏற்றிய அந்த ஒன்றரைப் புள்ளி, ஐந்து வருஷம் கழித்து ஒரு கதவுக்கு அநாவசியம், இன்னொரு கதவுக்குப் போதாது. வட்டி விகிதம் 12 என்றால் இருபது வருஷம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 10 ரூபாய்; 9 என்றால் 18 ரூபாய். நம் பேரப்பிள்ளைகளின் வசதிக்கு நாம் எவ்வளவு விலை போடுகிறோம் என்பது அந்த வாசற்படிக்குள் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் அதை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "பன்னெண்டு வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அரளிச் செடியில் ஒரு சந்து

ரோடு வந்தது. நல்ல ரோடு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 2016 ஆவணியில் பெரியம்மா மகள் கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். முன்பெல்லாம் ஒன்றரை மணி நேரம் உலுக்கி எடுத்த தூரம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. என் அறிக்கையில் எழுதிய நேர மிச்சம் கிட்டத்தட்ட அப்படியே வந்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் புளியமரம் இருந்த இடம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மரம் இல்லை. அந்த வரிசையில் ஒரு மரமும் இல்லை. எங்கள் செலவுப் பட்டியலில் அவை 'இடத்தைச் சுத்தம் செய்தல்' என்ற தலைப்பில் இருந்தன, வெட்டிய கட்டையின் ஏல மதிப்பைக் கழித்துக்கொண்டு. நிழலுக்கு ஒரு வரி போட்டிருக்கலாம் என்று அந்த வெயிலில் நிற்கும்போது தோன்றியது.

டீக்கடை பின்னால் தள்ளிப் போயிருந்தது. அங்கே நின்று ரோட்டைப் பார்த்தேன். நடுவில் தடுப்பு, ஒன்றரை அடி உயரக் கான்கிரீட் ஓரம், உள்ளே நெடுக அரளிச் செடி, சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. தெரு இந்தப் பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். தடுப்பில் திறப்பு இருக்கும் இடம் 700 மீட்டர் தள்ளி. ஆனால் கடைக்கு நேர் எதிரே அரளியில் ஒரு சந்து இருந்தது. ஒரு ஆள் உடம்பை ஒடுக்கிப் போகிற அகலம். செடியை யாரும் வெட்டியதாகத் தெரியவில்லை. ஆள் உரசி உரசி அந்த இடத்தில் வளராமலே விட்டிருந்தது. மண் இறுகி வழுவழுவென்று இருந்தது. ஏறுவதற்கு இரண்டு பக்கமும் உடைந்த கல் ஒவ்வொன்று போட்டு வைத்திருந்தார்கள். ஒரு அம்மா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தூக்குவாளியை இன்னொரு கையில் வைத்துக்கொண்டு பாதி ரோட்டை ஓடிக் கடந்து, கல்லில் ஏறி, அந்தச் சந்துக்குள் நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஸ் விர்ரென்று போனது. அரளிக்குள்ளே அவர் முகம் மட்டும் தெரிந்தது. அப்புறம் இறங்கி மீதிப் பாதியை ஓடினார். அந்த வருஷம் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 17,218 பேர். அறிக்கையில் 'குறையும் விபத்து' என்ற பத்தியில் நான் ஒரு வரவு எழுதியிருந்தேன்: நடுத்தடுப்பு வந்தால் நேருக்கு நேர் மோதல் குறையும் என்று. அதுவும் உண்மைதான்.

மறுநாள் காலை கல்யாண வீட்டில் எல்லாரும் பந்திக்கு ஓடிக்கொண்டிருக்க, நான் ஆட்டோ பிடித்து அந்த டீக்கடைக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து வருஷம் தாமதமாக. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாலு கோடு, குறுக்கே ஒன்று. பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக 300-ஐ ஒட்டி வந்தது. கடைக்காரர் என்னை ஓட்டுக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து எந்தக் கட்சி என்று கேட்டார்.

ஊருக்கு வந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரிதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். விதிப்படி திறப்பு வரை போய்த் திரும்பி வந்தால் ஒரு முறை கடக்க 1.4 கிலோமீட்டர். போக வர 2.8. சாதாரண நடையில் 42 நிமிஷம். 300 பேருக்கு ஒரு நாளில் 210 மணி நேரம். அந்த நேரத்துக்கு விலை போட வேண்டுமே. அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான கூலி நாளுக்கு 203 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தால் மணிக்கு 25 ரூபாய்ச் சொச்சம். பள்ளிப் பிள்ளைகளின் நேரத்துக்குப் பல மாடல்களில் பூஜ்யம்தான். நான் தாராளமாக அவர்களுக்கும் அதே 25 போட்டேன். நாளுக்கு 5,250 ரூபாய், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 15.75 லட்சம். 62 கிலோமீட்டரில் இப்படி ஒன்பது இடம் என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிட்டுப் பழைய மாடலில் செலவாகச் சேர்த்து ஓட்டினேன்.

12.3 என்பது 12.1 ஆனது. அவ்வளவுதான். திட்டம் அப்போதும் தேறியது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நாங்கள் எதையும் மறைக்கவில்லை, அவர்களைச் சேர்த்திருந்தாலும் பதில் மாறியிருக்காது. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சரி, சாலையை விடு, அந்த இடத்தில் ஒரு சுரங்கப்பாதை மட்டும் கட்டியிருந்தால்? எழுந்து வந்து மறுபடி திறந்தேன். நடப்பவர்களுக்கான சின்னச் சுரங்கப்பாதைக்கு எங்கள் இன்ஜினியர் வேறொரு திட்டத்தில் போட்டிருந்த மதிப்பீடு 1.8 கோடி. வருஷம் 15.75 லட்சம் மிச்சம், 25 வருஷம், 12 சதவீதம் என்று போட்டால் இன்றைய மதிப்பு 1.24 கோடி. தேறவில்லை. மறந்துபோய்விட்டோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவர்களை நினைவுகூர்ந்து, எண்ணி, எக்செல்லில் வரி கொடுத்து உட்கார வைத்த பிறகும், உங்களுக்குச் சுரங்கப்பாதை கட்டுவது நாட்டுக்கு நஷ்டம் என்று கணக்கு சொன்னது. காரணம் அந்த 25 ரூபாய். அதே அறிக்கையில் காரில் போகிறவரின் ஒரு மணி நேரத்துக்கு நான் வைத்திருந்த விலை 90 ரூபாய். விளையாட்டாக அந்தக் கட்டத்தில் 25-ஐ அழித்துவிட்டு 90 அடித்தேன். 4.45 கோடி வந்தது. ஒரு சுரங்கப்பாதைக்கு இரண்டு கட்டலாம், மிச்சமும் இருக்கும்.

ஒரு மணி நேரம் எல்லாருக்கும் ஒரு மணி நேரம்தான் என்று எழுதினால் பேச்சுப்போட்டி மாதிரி இருக்கும். ஆனால் தொழில்முறையிலேயே இதற்கு வேறு வழி இருக்கிறது. பிரிட்டனில் வேலைக்காக அல்லாத பயண நேரத்துக்கு நாடு முழுவதும் ஒரே விலைதான் போடுகிறார்கள், போகிறவர் பணக்காரரா ஏழையா என்று பார்ப்பதில்லை. இல்லாவிட்டால் பணக்காரர்கள் வசிக்கும் இடத்துக்கு மட்டுமே எல்லா ரோடும் தேறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மிடம் கூலியிலிருந்துதான் விலை வருகிறது. கூலி குறைவு என்பதால் நேரம் மலிவு, நேரம் மலிவு என்பதால் பாலம் தேறாது, பாலம் தேறாததால் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் சுற்றிப் போக வேண்டும்.

யாருக்கு என்ற பத்தி

எங்கள் கணக்கு முறைக்கு அமெரிக்காவில் 1936-ல் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டத்தைத்தான் பிறந்த நாளாகச் சொல்வார்கள். நன்மை யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, மொத்தத்தில் செலவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். அப்போது அது நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான், உள்ளூர் எம்.பி.க்குப் பிடித்த அணைகளுக்கு மட்டும் பணம் போகக் கூடாது என்பதற்காக. மூன்று வருஷம் கழித்து கால்டர், ஹிக்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதற்குத் தத்துவமும் கொடுத்தார்கள்: லாபம் அடைந்தவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுக்க முடிகிற அளவுக்கு லாபம் இருந்தால் போதும், திட்டம் நல்லது. கொடுக்க முடிந்தால் போதும். கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. முதுகலையில் இதைப் படித்தபோது பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அரளிச் சந்தைப் பார்த்த பிறகுதான் அந்த வாக்கியத்தில் எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

சேது சமுத்திரத் திட்டத்தைப் பற்றி நம்மில் பேசாதவர்கள் கிடையாது. பாலம், நம்பிக்கை, பவளப்பாறை என்று எல்லாச் சண்டையும் போட்டோம். 2007-ல் ஜேக்கப் ஜான் என்ற பொருளாதார ஆய்வாளர் அதில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்: எந்தக் கப்பலுக்கு மிச்சம்? தூத்துக்குடியில் கிளம்பிச் சென்னைக்குப் போகிற கப்பலுக்கு இலங்கையைச் சுற்றாமல் போனால் பெரிய மிச்சம்தான். ஏடன் வழியாக ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தாவுக்கு வரும் கப்பலுக்கு மிச்சம் அதைவிட மிகக் குறைவு, கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும், வழிகாட்டி மாலுமிக்குக் கட்டணமும் கட்ட வேண்டும். எல்லாக் கப்பலையும் ஒரே சராசரியில் போட்டால் திட்டம் மிதக்கும், பிரித்துப் பார்த்தால் தரை தட்டும். தலைவர்கள் பேசிய எதையும்விட எனக்கு இந்தக் கேள்விதான் பிடித்தது. சராசரியைப் பிரித்து "யாருக்கு" என்று ஒரு பத்தி போட்டதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதும் அறிக்கைகளில் கடைசியில் ஒரு இணைப்பு சேர்க்கிறேன். லாபம் எந்தெந்த வகை ஆளுக்கு எத்தனை சதவீதம் போகிறது, நடப்பவர்கள் எத்தனை பேர், எங்கே கடக்கிறார்கள் என்று. இரண்டு முறை கிளையன்ட் பக்கத்தில் "இது டி.ஓ.ஆரில் கேட்கவே இல்லையே" என்று எடுத்துவிடச் சொன்னார்கள் (டி.ஓ.ஆர். என்பது என்ன வேலை செய்ய வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியல்). எடுத்தேன். சம்பளம் வாங்குகிறோம். ஒரு முறை விட்டுவைத்தார்கள், அதில் ஒரு பள்ளிக்கூடம் எதிரே சுரங்கப்பாதை வந்தது. என் இணைப்பைப் பார்த்து வந்ததா, உள்ளூர்க்காரர்கள் மறியல் செய்து வந்ததா என்று தெரியாது. மறியல்தான் என்று டிரைவர் சொன்னார். அவர் சொன்னதைத்தான் நம்புகிறேன்.

சித்தப்பாவுக்குப் பதில் போடாமலே விட்டுவிட்டேன். பொங்கலுக்கு நேரில் பார்த்தபோது அவரும் அதை மறந்துவிட்டிருந்தார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. போன வாரம் ஒரு புதுத் திட்டத்துக்குக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஊர் வேறு, சாமியானா அதேதான். இப்போது எண்ணுவதற்குக் கேமரா வந்துவிட்டது, வண்டி எது என்று அதுவே பிரித்துச் சொல்லிவிடும்; ஆனாலும் சரிபார்க்க இரண்டு பையன்களை உட்கார வைக்கிறோம். அச்சடித்த படிவத்தின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பேனாவால் ஒரு பத்தி இழுத்து, கடக்கிறவர்கள் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். பையன் சுறுசுறுப்பானவன், முந்தின நாள் பயிற்சியில் எல்லா எண்ணும் மனப்பாடம் செய்திருந்தான். பத்தியைப் பார்த்தான், கையில் இருந்த அட்டவணையைப் பார்த்தான்.

"மேடம், மாட்டுவண்டிக்கு எட்டு. இவங்களுக்கு எவ்வளவு போட?"

முதலில் எண்ணு தம்பி, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.